எண் இல்லாத துப்பாக்கியும் நாதி இல்லாத ஏழையும்

மண்ணூர் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இரண்டு கூட்டம் எதிரெதிராகப் போவதைக் காணலாம். ஒரு பக்கம் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பறக்கின்றன. மறுபக்கம் மண்வெட்டியும் தூக்குச்சட்டியுமாக விவசாயக் கூலிகள், மிச்சமிருக்கும் வயல்களை நோக்கி நடக்கிறார்கள். இந்த இருவரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு விஷயம் பேச விரும்புகிறோம். விஷயம் துப்பாக்கி! "நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு, தோழர்களே. பொறுத்துக் கேளுங்கள்.

அந்த பஸ்ஸில் போகிற தோழர்களில் சிலருக்கு எட்டு மணி நேரமும் இரும்பில் எண் பதிப்பதுதான் வேலை. சேசிஸில் ஓர் எண், என்ஜினில் ஓர் எண். எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு கொண்ட சேசிஸ் எண் இல்லாமல் ஒரு கார்கூட ஆலை வாசலைத் தாண்டாது. பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு மூலையில் அந்த வண்டி மோதிச் சிதைந்து கிடந்தாலும், அது எந்தக் கம்பெனியின் வண்டி, எந்த வருஷத்து வண்டி, யார் பேரில் இருந்தது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். வண்டிக்கே இது என்றால், உயிரைப் பறிப்பதற்கென்றே செய்த துப்பாக்கிக்கு வேண்டாமா? வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. வேண்டும் என்றுதான் நாமும் சொல்கிறோம்.

ஆனால், கொல்லன் பட்டறையில் பிறந்து மலைக்குடிசையின் பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு யார் எண் கொடுப்பார்கள்? அதை வைத்திருக்கும் ஏழைக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது? இதுதான் கேள்வி. ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் பிழைப்புத் தேடி இறங்கி வந்து, செங்கல் சூளையிலும் கட்டிட வேலையிலும் நம்மோடு பாடுபடும் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல. வீட்டு வாசலில் வந்து நிற்கும் போலீஸ் ஜீப்!

சட்டம் சொல்வது என்ன?

இன்று நடைமுறையில் உள்ளது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 8-வது பிரிவு முழுக்க முழுக்க அடையாளக் குறியைப் பற்றியது. மூன்று கட்டளைகள் அதில் உண்டு.

முதலாவது: துப்பாக்கியில் பொறித்துள்ள பெயரையோ எண்ணையோ வேறு அடையாளத்தையோ யாரும் அழிக்கக் கூடாது, ராவி எடுக்கக் கூடாது, மாற்றக் கூடாது, போலியாகப் பொறிக்கவும் கூடாது.

இரண்டாவது: செய்தவரின் பெயர், வரிசை எண் அல்லது வேறு அடையாளம் பொறிக்கப்படாத துப்பாக்கியை யாரும் விற்கவோ கைமாற்றவோ கூடாது.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. அடையாளம் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவன் கையில் அகப்பட்டால், அழித்தவன் அவனே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "நான் அழிக்கவில்லை" என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அவன் தலையில்! சாதாரணமாகக் கிரிமினல் வழக்கில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ். இங்கே தலைகீழ்.

இவற்றோடு 5-வது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் எவரும் துப்பாக்கி செய்யக் கூடாது. பழுது பார்க்கக்கூடக் கூடாது. 2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி செய்தால் குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று ஆயிற்று.

இதன் பொருள் என்ன? வீட்டில் செய்த துப்பாக்கிக்கு நம் நாட்டில் எண் வாங்கும் வழியே கிடையாது. எண் பதிக்க உரிமை பெற்றவர் லைசென்ஸ் பெற்ற தயாரிப்பாளர். திருச்சியில் 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலை எண் பதிக்கலாம். ஈஷாப்பூர், கான்பூர் ஆலைகள் பதிக்கலாம். கிராமத்துக் கொல்லர் பதித்தால் அதுவே குற்றத்துக்குச் சாட்சி! பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். கேட்கப் போனால், பிறந்ததே குற்றம் என்கிறார்கள்.

ஆயுதம் பறித்த கதை

இந்தச் சட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? 1801-ல் மருது சகோதரர்களையும் தென்பாளையங்களையும் அடக்கிய கும்பினி சர்க்கார், கோட்டைகளை இடித்துத் தள்ளியது. குடிமக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. தமிழ் மண்ணில் ஆயுதப் பறிப்பு அன்றே தொடங்கிவிட்டது.

ஒரகடம் தோழர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பெயரை இங்கே சொல்லலாம். 2013 முதல் ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டு, பிறப்பில் இங்கிலாந்துக் கம்பெனி. 1890-களில் என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிப்பாகங்கள் செய்து கொடுத்ததால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. பீரங்கிப் படம்தான் அதன் சின்னம். துப்பாக்கியைப் போலவே செய்யப்பட்டது என்பதுதான் அதன் பழைய விளம்பர வாசகம். அதே என்ஃபீல்டு ஆலையின் 1853-ஆம் வருஷத்து ரைஃபிள்தான், அதன் கொழுப்புத் தடவிய தோட்டாதான், 1857-ல் சிப்பாய்களின் கோபத்தைக் கிளறிய பொறி. அந்தப் பொறி பெருநெருப்பாகி நாட்டை உலுக்கியது.

நெருப்பை அணைத்த வெள்ளையன் அடுத்துச் செய்த காரியம், ஜனங்களிடம் இருந்த ஆயுதங்களைப் பறித்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் முழுமையான ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளையனுக்கு விலக்கு! அதே வருஷத்தில், அதே லிட்டன், தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தார். கையையும் கட்டினார்கள், வாயையும் கட்டினார்கள்.

சுதந்திர இந்தியா 1959-ல் அந்தப் பழைய சட்டத்தை மாற்றி எழுதியபோது சில நல்ல வாசகங்களைச் சேர்த்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 14-வது பிரிவு சொல்கிறது: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. 13-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: உண்மையாகவே பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டு விண்ணப்பிக்கும் குடிமகனுக்கு, சட்டத்தில் சொன்ன தடைகள் இல்லாத பட்சத்தில், லைசென்ஸ் கொடுக்க வேண்டும். 'கொடுக்கலாம்' அல்ல, 'கொடுக்க வேண்டும்'!

ஏட்டில் இருக்கும் இந்தச் சர்க்கரை எத்தனை ஏழை விவசாயியின் நாக்கில் இனித்திருக்கிறது? கலெக்டர் ஆபீஸ் மலையிலிருந்து எத்தனை மைல்? ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. போலீஸ் அறிக்கை வர வேண்டும், பாரம் பூர்த்தி செய்ய வேண்டும், பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். சட்டம் திறந்து வைத்த கதவை அலைச்சல் சாத்திவிடுகிறது. பிறகு என்ன? பன்றி கிழங்கைத் தோண்டுகிறது, கேழ்வரகைச் சாய்க்கிறது. அவன் தாத்தன் காலத்துத் துப்பாக்கியைப் பரணிலிருந்து எடுக்கிறான். அன்றே அவன் குற்றவாளி.

காடும் பன்றியும் துப்பாக்கியும்

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. காட்டு உயிர்கள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் குருவி பிடித்தும் நரி பிடித்தும் வாழ்ந்த நரிக்குறவ மக்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்று யார் கேட்டார்கள்? ஊசியும் பாசியும் விற்கச் சாலையோரம் தள்ளப்பட்டார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. வேட்டை போய் ஐம்பது வருஷம் கழித்து!

பயிரைக் காக்கும் பிரச்னையிலும் இதே தாமதம்தான். 2022-ல் கேரள சர்க்கார், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவரைக் கொண்டு அதை நிறைவேற்றலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வேறு விதமாக முடிவு செய்தார்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடும். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. காட்டை ஒட்டிய நிலம் யாருடையது? பெரும்பாலும் சிறு விவசாயியுடையது, பழங்குடியுடையது. பன்றி முதலில் மேயும் நிலமும் அதுதான். சட்டத்தின் உதவி கடைசியில் வரும் நிலமும் அதுதான்.

இந்தச் சூழ்நிலையில்தான் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மலையூர்களில் போலீஸார் அவ்வப்போது தண்டோரா போடுகிறார்கள்: "நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள், வழக்கு இல்லை." நல்ல காரியம்தான். ஆனால் இந்த வாக்குறுதி ஓர் அதிகாரியின் வாய்மொழியில் நிற்கிறது. இன்றைய அதிகாரி நாளை மாறுதலில் போவார். புதிதாக வருபவர் முந்தியவரின் வாக்கைக் காப்பார் என்று யார் உறுதி சொல்வது? ஆகவேதான் பலர் அஞ்சுகிறார்கள், ஒளிக்கிறார்கள். ஒளித்த துப்பாக்கி வீட்டுக் குழந்தை கையில் சிக்குகிறது; பட்டறை இரும்பு வெடித்துச் சுடுபவன் விரலையே பறிக்கிறது. அடையாளம் இல்லாத ஆயுதத்தால் முதலில் சாகிறவனும் ஏழையே. இதை மறந்து நாட்டுத் துப்பாக்கிக்குப் புகழ் பாடுவது மடமை. நாம் அதைச் செய்ய மாட்டோம்.

எண் அழிப்பவர் யார்?

அப்படியானால் எண் இல்லாத துப்பாக்கியால் கொள்ளை லாபம் அடிப்பவர் யார்? பீகாரில் மூங்கேர் என்று ஓர் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் அங்கே துப்பாக்கிப் பட்டறைகள் அமைத்தார். பரம்பரை பரம்பரையாக அந்த ஊர்த் தொழிலாளியின் விரலில் அந்த வித்தை ஊறிக் கிடக்கிறது. லைசென்ஸ் பெற்ற பட்டறைகளில் வேலை வற்றியது. வேலை இழந்த கைகளைக் கள்ளச் சந்தை முதலாளி வளைத்துப் போட்டான். இன்று மூங்கேர்த் துப்பாக்கி என்றால் கள்ளத் துப்பாக்கி என்றே பெயர். அவற்றில் சிலவற்றில் அமெரிக்காவில் செய்தது, இத்தாலியில் செய்தது என்று பொய் முத்திரையும் அடிக்கிறார்கள்! எண் இல்லாததைவிட இது மோசம்: பொய் எண்.

சோதனையில் பிடிபடுவது யார்? பட்டறையில் ராவிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளி. பணம் போட்டவன், வாங்கியவன், அரசியல் குண்டர்களுக்கு விநியோகித்தவன்? அவர்களை அவ்வளவு லேசில் காணோம். எய்தவன் இருக்க அம்பை நோவதில் நம் போலீஸுக்கு நீண்ட பயிற்சி உண்டு.

எண் மட்டும் இருந்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் மிராசுதார்களின் அடியாட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், சுட்டார்கள், குடிசைக்குள் பதுங்கிய 44 பேரைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் கரியானார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார்கள். அந்தத் துப்பாக்கிகளில் எண் இருந்ததா, இல்லையா என்பதல்ல கேள்வி. எண்ணைப் படிக்கிற கண் யார் பக்கம் பார்க்கிறது என்பதே கேள்வி. இரும்பில் பொறித்த எண் தானாகப் பேசாது. அதைப் பேச வைக்க நேர்மையான விசாரணை வேண்டும்.

அமெரிக்காவைப் பாருங்கள்

எண் வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 1968-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அங்கே கம்பெனி செய்யும் துப்பாக்கிக்கு வரிசை எண் கட்டாயம். ஆனால் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொண்டால் எண் வேண்டாம் என்று மத்திய சட்டம் விட்டுவிட்டது. வியாபாரி விடுவானா? முக்கால்வாசி செய்து முடித்த பாகங்களைப் பெட்டியில் போட்டு, "மீதியை வீட்டில் செய்துகொள்" என்று விற்கத் தொடங்கினான். எண்ணும் இல்லை, வாங்குபவன் யார் என்ற விசாரணையும் இல்லை. ஜனங்கள் இதற்குப் பேய்த் துப்பாக்கி என்று பெயர் வைத்தார்கள். 2021-ஆம் வருஷத்தில் மட்டும் இப்படிப்பட்டவை என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 20,000 துப்பாக்கிகளைப் போலீஸார் கைப்பற்றி மத்திய இலாகாவுக்குத் தகவல் தந்தார்கள். 2022-ல் அந்தப் பெட்டிகளுக்கும் எண்ணும் விசாரணையும் கட்டாயம் என்று விதி வந்தது. துப்பாக்கி வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் விதி செல்லும் என்றது.

கலிபோர்னியா மாநிலம் அதற்கும் முன்பே, 2018 முதல், ஒரு வழி வகுத்தது. வீட்டில் துப்பாக்கி செய்ய விரும்புகிறவன் முதலில் சர்க்காருக்கு விண்ணப்பித்து எண் வாங்க வேண்டும். அதைத் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி செய்யும் உரிமை நமக்கு வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. வேண்டவே வேண்டாம்! கணக்கில் வராத ஆயுதத்தைக் கணக்குக்குள் கொண்டுவர ஒரு வாசல் வைக்க முடியும் என்பதற்கே சொல்கிறோம்.

அந்த வாசல் நம் சட்டத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. 1962-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது, எண் இல்லாத துப்பாக்கியை ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷ அவகாசம் தந்தார்கள். அதுவரை அந்தத் தலைகீழ் அனுமானம் அவர்கள் மேல் பாயாது. ஒரு வருஷம் முடிந்தது, கதவு மூடியது. மலையூருக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் மூடியிருக்கும்!

தெரிந்துகொள்ள வேண்டியவை

தோழர்களே, உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய துப்பாக்கி இருந்தால் இவற்றை மனதில் வையுங்கள். லைசென்ஸ் பெற்ற அப்பா இறந்துபோனால், அந்தத் துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். 21-வது பிரிவு அதற்குத்தான். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்காலத்து இரும்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 45-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததாக 3-வது பிரிவில் வழக்குத் தொடர, ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதி வேண்டும். இது 39-வது பிரிவு. வக்கீலிடம் இதை ஞாபகப்படுத்துங்கள். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. எக்காரணம் கொண்டும், ஒரு துப்பாக்கியில் இருக்கும் எண்ணைத் தொடாதீர்கள்; எண் இல்லாததைக் கைமாற்றாதீர்கள்.

நாம் கேட்பது

ஒன்று: எண் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்க, வழக்கு இல்லை என்ற உறுதியோடு, குறிப்பிட்ட கால அவகாசத்தை எழுத்து மூலமான அரசாணையாக அறிவிக்க வேண்டும். பொது நலனுக்காக விலக்கு அளிக்கும் அதிகாரம் 41-வது பிரிவில் மத்திய சர்க்காருக்கு இருக்கிறது. மாநில சர்க்கார் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டு: ஒப்படைக்கும் மலைவாசிக்கு வெறும் ரசீது போதாது. பயிருக்குக் காவலும் வேலியும் வேண்டும். நஷ்டத்துக்குக் காலதாமதமில்லாத ஈடும் வேண்டும். 13-வது பிரிவின் பயிர்க்காப்பு லைசென்ஸை நியாயமாகக் கேட்பவருக்கு, மலையூரிலேயே முகாம் போட்டு விசாரித்து, சட்டப்படி எண் பொறித்த துப்பாக்கிக்கு வழங்க வேண்டும்.

மூன்று: எண் அழித்த துப்பாக்கி கையில் இருந்தவனே குற்றவாளி என்ற அனுமானத்தோடு விசாரணையை முடித்துக்கொள்ளக் கூடாது. எங்கிருந்து வந்தது, யார் செய்வித்தார், யார் விற்றார் என்று மேலே மேலே போக வேண்டும்.

நான்கு: பட்டறைக் கொல்லருக்கும், வேட்டை இழந்த நரிக்குறவ மக்களுக்கும் கௌரவமான வேலை வேண்டும். இரும்பை அறிந்த கைகள் அவை. பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான ஆலைகள் நிற்கின்றன.

மண்ணூர்த் தோழர்களே! தினமும் இரும்பில் எண் பதிக்கும் உங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எண் என்பது பொறுப்பு. செய்தவன் பொறுப்பு, விற்றவன் பொறுப்பு, வைத்திருப்பவன் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கடைசி ஆள் தலையில் மட்டும் இறக்கி வைப்பது நியாயமல்ல. துப்பாக்கிக்கு எண் வரட்டும். பரணில் அஞ்சிக் கிடப்பது வெளிச்சத்துக்கு வரட்டும். வெளியே கொண்டுவந்து வைக்கும் ஏழையின் கையில் விலங்கு பூட்டாத சட்டமும் கூடவே வரட்டும். அதற்காக ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள், சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள், கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். மலையிலிருந்து வந்து உங்கள் பக்கத்தில் செங்கல் சுமக்கும் சகோதரனையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.